தசமத்துக்குப் பிறகு

தசமத்துக்குப் பிறகு இரண்டு பூச்சியம்,
அதற்குப் பிறகு ஒரு ஒன்பது.
அவ்வளவுதான் குறைவு.

மாங்குளம் சந்தியில் போட்டோக்கொப்பி அண்ணை
என் பெறுபேற்றுத் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து
"மெசினுக்கே பாடமாகியிருக்கும் தங்கச்சி" என்கிறார்.
சிரிக்கிறேன். பத்து ரூபாய்க் குற்றிகளை எண்ணி வைக்கிறேன்.

விவசாய பீடம் அறிவியல் நகரில்.
பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் கலையும் தூரம்.
எனக்கு மேலே யாரோ ஒருவன்
அந்த இடத்தைப் பதிந்துவிட்டு
கனடாவிலிருக்கும் சித்தப்பாவின் கடிதத்துக்குக் காத்திருக்கிறானாம்.
ரியூசனில் கேள்விப்பட்ட கதை.
அவன் பெயர் தெரியாது.
அவன் போகவேண்டும் என்று
ஒவ்வொரு வெள்ளியும் கும்பிடுகிறேன்.
வெற்றிடம் நிரப்பும் பட்டியல்
வரும் என்கிறார்கள். எப்போது என்று
தொலைபேசியை எடுக்கிற ஐயாவுக்கும் தெரியாது.

இதற்குள் வந்தது பூந்தோட்டத்துக் கடிதம்,
கல்வியியற் கல்லூரி.
மூலச் சான்றிதழ்களுடன் வெள்ளி காலை ஒன்பதுக்குள்
சமுகமளிக்கத் தவறின்
இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்.

அடுத்தவரை எனக்குத் தெரியும்.
கஜந்தினி. முத்தையன்கட்டு.
நேர்முகத்தன்று பக்கத்துக் கதிரை,
சேலைக்கு ஊசி குறைந்தபோது
தன் கைப்பையின் கைபிடியிலிருந்து கழற்றித் தந்தவள்.
நாள் முழுக்கப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்தாள்.
அந்த ஊசி இன்னும் என்னிடம்.

ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
தலைமயிரில் நீல நூல்துண்டுகளோடு அம்மா வருகிறாள்.
"அம்மா, என்ன செய்ய?"
தேத்தண்ணிக்கு உலை வைக்கிறாள்.
வீட்டுத்திட்டப் பட்டியலில் எங்கள் பெயர்
மூன்றாம் கட்டத்தில்தான் வந்தது.
வேறொரு பட்டியலைப் பற்றி அவள் கதைப்பதில்லை.
மாமாவுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கம்
கேட்டால் நித்திரையிலும் சொல்லுவாள்.
பிறப்புப் பதிவு தொலைந்த இடம் என்ற கட்டத்தில்
முன்பொருமுறை 'மாத்தளன்' என்று எழுதி,
வெட்டி,
'இடப்பெயர்வில்' என்று எழுதினாள்.
இன்று சொன்னது இவ்வளவுதான்:
"கையில இருக்கிறது கையில. மற்றது உன்ர மனம்."
இரண்டையும் சேர்த்துச் சொன்னால்
எப்படி முடிவெடுப்பது?

வியாழன் இரவு போன் அடிக்கிறது.
அவளேதான்.
பின்னால் ஒரு தண்ணிப் பம்மின் இரைச்சல்.
"நீ போறியோ? சும்மா கேட்டனான்."
"நாளைக்குச் சொல்லுறன்."
"நாளைக்கு எத்தினை மணிக்கு?"
பம் நின்றுவிட்டது.
இருவரும் பேசாமல்
ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்,
அவளுடைய ரீலோட் முடியும்வரை.

பெருந்தன்மை பற்றி யோசித்தேன், பொய்யில்லை.
விடியப்புறம் மூன்று மணிக்கு
விட்டுக்கொடுத்துவிட்டேன்.
மூன்றரைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
முதல் பஸ்ஸில்
மடியில் கோப்பு, கோப்பின் மேல் இரண்டு கையும்.
கனகராயன்குளம் தாண்டும்போது
யாரோ சாரதியிடம் பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள்.

எட்டு நாற்பதுக்கு மூலப்பிரதிகளை வாங்கிக்கொண்டு
ஒரு ரசீது தந்தார்கள்.
இனி என் வாழ்க்கை
அந்த அலுமாரியில் மூன்றாம் தட்டு.

அவளுக்கு எழுதினேன்: பதிஞ்சிட்டன்.
நெடுநேரம் கழித்து: சரி. நல்லது.
பிறகு அவள் தட்டச்சிடுவதாய்க் காட்டியது,
நின்றது, காட்டியது, நின்றது.
"விவசாய பீடம் கூப்பிட்டா
விட்டிட்டுப் போவியோ?"

வாசல் மதிலோரம் நின்று
ஓம் என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் விளங்கியது,
இனி ஒவ்வொரு வெள்ளியும்
மாங்குளத்திலும் முத்தையன்கட்டிலும்
இரண்டு பெண்கள்
பெயர் தெரியாத ஒருவனுக்காகக் கும்பிடப்போகிறோம்,
அவனுக்கு விசா கிடைக்கவேண்டும் என்று,
விமானம் பிந்தக்கூடாது என்று,
அங்கே அவனுக்குக் குளிர்
ஒத்துக்கொள்ளவேண்டும் என்று.